வடக்குத் தோட்டத்து மாப்பிள்ளை

வாங்க வந்த காரை வைத்தே அதன் சொந்தக்காரருடைய மாட்டுத் தொட்டியைப் பிளந்தவன் சூலூர் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "பின்னால எடுத்துப் பாருங்க" என்றார் பாலுசாமி. எடுத்தேன். கண்ணாடியில் எருமை தெரிந்தது. அதைக் காப்பாற்ற ஒடித்துத் திருப்பினேன். எருமை தப்பித்தது, அது தண்ணீர் குடிக்கும் சிமெண்ட் தொட்டி தப்பவில்லை. லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள போட்டோவில் எனக்குத் தலை நிறைய முடியும் இருக்கிறது. அதற்கப்புறம் நான் ஓட்டியதெல்லாம் பைக்தான்.

வாசலெல்லாம் தண்ணீர். செருப்போடு அதில் இறங்கி நின்றேன்.

"அட, உடுங்க. அது பழைய தொட்டிங்க" என்றார் பாலுசாமி.

"போன மாசம் வாங்குனதுங்க" என்றார், வீட்டுக்குள்ளிருந்து வந்த அவர் மனைவி ராசாத்தாள்.

"புதுசு வாங்கிக் குடுத்தர்றேனுங்க."

"அதெல்லாம் பாக்கலாமுங்க. மொதல்ல காப்பி குடிங்க" என்று பாலுசாமி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இந்தக் கார் என் அப்பா வேலுமணிக்காக. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து, பீளமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து வாராவாரம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோ ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். வலிக்கிறது என்று அர்த்தம். பம்பு கம்பெனிச் சம்பளத்துக்குப் புதுக் கார் எட்டாது. இதற்கு முன் பார்த்த பழைய கார்களில் ஒன்றில் எலி குடியிருந்தது. இன்னொன்றின் கதவைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும். பாலுசாமி காரில்தான் என் மனைவி பொற்கொடி முன்சீட்டில் உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு இது செரியா இருக்குமுங்க" என்றாள். அவள் கணக்கு டீச்சர். சரி என்று சும்மா சொல்ல மாட்டாள்.

காப்பி வந்தது.

"உங்களுக்கு எந்தூருங்க?" என்றார் பாலுசாமி.

"சென்னிமலைப் பக்கமுங்க."

"அங்க யாரு ஊடுங்க?"

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்பவர் வீட்டைக் கேட்கவில்லை. நீங்கள் என்ன ஆளுக என்பதை மரியாதை குறையாமல் கேட்கிறார். காலேஜ், கம்பெனி, வாடகைக்கு வீடு தேடிய தெருக்கள் என்று எல்லா இடத்திலும் இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னவன்தான் நான். ஆனால் அன்றைக்கு ஈரச் செருப்போடு, உடைத்த தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் உயரம் தேவைப்பட்டது.

"வடக்குத் தோட்டமுங்க" என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. அப்பா அந்தத் தோட்டத்தில்தான் காலமெல்லாம் பண்ணையத்து வேலைக்கு இருந்தார். அதன் ஓரத்தில் வேலையாளுக்கென்று போட்டிருந்த ஓலைச் சாளையில்தான் நான் வளர்ந்தேன். தோட்டம் எங்களுடையது இல்லை என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பொற்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அட! எங்க சித்தப்பா அங்கதான் பொண்ணு எடுத்திருக்காரு. பெரிய குடும்பமாச்சே, எல்லாரையும் எனக்குத் தெரியறதில்ல. அப்ப நீ எனக்கு மாப்ள மொறையாகுது!" பாலுசாமி எழுந்து என் தோளைத் தட்டினார். "ராசாத்தா, முறுக்கு கொண்டா. மாப்ள வந்திருக்காரு!"

தொட்டியைப் பற்றிய பேச்சே போய்விட்டது. அதோடு என் வாயும் போய்விட்டது. முதலில் பாலுசாமி ஓட்டிக் காட்டியபோது, இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் அந்தக் காரில் தகர டப்பாவில் கல்லை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்திருந்தது.

"கிளட்ச் பத்திக் கேளுங்க" என்று பொற்கொடி முணுமுணுத்தாள்.

தோட்டத்துக்காரர் வீட்டுப் பையன் கிளட்சுக்கெல்லாம் கணக்குப் பார்ப்பானா? "நம்ம ஆளுககிட்டப் போயி என்னத்தக் கேக்கறது" என்றேன். அது என் வாய்தான். காதில் விழுந்ததும் எனக்கே கூசியது.

"ஆமாங்க மாப்ள, கேக்கக் கூடாது" என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் சொன்ன விலைக்கே தலையாட்டினேன். பானட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முறுக்கை மட்டும் வாய் நிறையப் போட்டுக்கொண்டேன். வாயில் முறுக்கு இருக்கும்வரை பேச வேண்டியதில்லை.

பாலுசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை எடுத்தார். "தோட்டத்துல பெரியவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடலாம்."

"இப்பத் தூங்குவாருங்க" என்றேன். காலை பதினொரு மணி.

அதற்குள் ஸ்பீக்கரில் பெரியவர் வந்துவிட்டார். "எந்தப் பையன்? பேரென்ன?"

"அன்புமணிங்க மாமா. பீளமேட்டுல பம்பு கம்பெனியில இருக்காரு."

"அட, நம்ம வேலுமணி பையன்! நல்ல பையனப்பா. வேலுமணி நம்ம பண்ணையத்துலதான கெடந்தான். உளுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டான்னாங்க. இப்ப நடக்கறானா? நான் கேட்டேன்னு சொல்லு."

அந்தக் குரலில் பிரியம் இருந்தது. பேரன் எடுத்த மனுஷனை நடக்கிறானா என்று கேட்பதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் அப்பா பெயரைச் சொல்ல அவர் கூசவில்லை. கூசியது நான்தான். அப்பா உட்கார ஒரு சீட்டு வாங்க வந்த இடத்தில், அப்பாவையே வழியில் இறக்கிவிட்டிருந்தேன்.

பாலுசாமி போனைச் சட்டைப் பையில் போட்டார். கோபப்படவில்லை. மரியாதைதான் கூடிப்போனது.

"வண்டி விசயம் எம் பையனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேனுங்க."

"விலை பேசி முடிச்சுட்டமேங்க?"

"பாக்கலாமுங்க."

"எப்ப வரட்டுமுங்க?"

"சொல்லி உடறேனுங்க. நீங்க எதுக்குங்க சிரமப்பட்டுக்கிட்டு." எழுந்து தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இருந்த மாதிரி தெரியவில்லை.

கிளம்பியிருக்கலாம். புத்தியுள்ளவன் கிளம்பியிருப்பான். ஆனால் காலையில் அப்பாவிடம், இன்றைக்கு வண்டியோடுதான் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவர் வெளுத்த வேட்டியை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். 'பாக்கலாமுங்க' என்ற சொல்லில் எங்கோ ஒரு ஓரத்தில் கார் மிச்சமிருக்குமோ என்று நின்றேன்.

ராசாத்தாள் வாசலில் சிமெண்ட் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொற்கொடி குனிந்து கூடப் பொறுக்கினாள். நானும் போய்க் குனிந்தேன். நிமிர்ந்து நிற்பதைவிட அது சுலபமாக இருந்தது.

"ஏனுங்கம்மா, வண்டி எங்களுக்குக் கெடைக்குமுங்களா?"

"கெடைக்காதுங்க" என்றார் ராசாத்தாள்.

"நாங்க இன்ன ஆளுகங்கறதாலயாங்க?"

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அதுவுந்தானுங்க. ஆனா நீங்க உங்கப்பாரையும் கூட்டிட்டு வந்து, இவரு உக்காரத்தான் வண்டின்னு சொல்லியிருந்தீங்கன்னா, பேரம் பேசிக் குடுத்திருப்பாருங்க. இப்ப மாப்ளைன்னு வாய் நெறையக் கூப்பிட்டுப்போட்டாரு. அது அவருக்குத் தாங்காதுங்க. இனி நீங்க எத்தனை குடுத்தாலும் குடுக்க மாட்டாரு."