தொண்டையில் குடியிருப்போர்

மேடையில் நான் ராணியாகவும் பாடினேன், கிழவியாகவும் பாடினேன். ஒரு முறை கதாநாயகனுக்குச் சளி பிடித்தபோது திரைக்குப் பின்னால் நின்று ஆண் குரலிலும் பாடினேன். "இவளுக்கு ஏழு தொண்டை" என்பார் எங்கள் நாடகக் குழுவின் இயக்குநர். அம்மா படுக்கையில் விழுந்ததும் அலைச்சல் நின்றது. வீட்டு முன்னறையில் பாட்டு சொல்லிக்கொடுக்கத் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம்.

மாணவர் செய்யும் தவறை அப்படியே பாடிக் காட்டுவது என் வழக்கம். பல் டாக்டர் மூக்கால் பாடுவார். நானும் மூக்கால் பாடுவேன். அவரே சிரித்துத் திருத்திக்கொள்வார். தையல்கார அக்கா ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் தண்ணீரில் குதிக்கப் போகிறவள் மாதிரி மூச்சை இழுப்பாள். அதையும் செய்து காட்டுவேன்.

திங்கட்கிழமை இயக்குநர் ஃபோன் செய்தார். புது நாடகத்தில் ஒரு தாய் வேஷம், மூன்று பாட்டு. வெள்ளிக்கிழமை வந்து பாடிக் காட்டச் சொன்னார். அம்மா போய் ஒரு வருஷமாகிவிட்டது. வரமாட்டேன் என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு முதல் பாட்டைப் பாடினேன். மூன்றாவது வரியில் மூக்கு வந்தது. அது பல் டாக்டர். அதை விரட்டினால், உச்ச வரிக்கு முன்னால் எனக்குத் தெரியாமலே அந்தப் பெரிய மூச்சு. அவர்கள் விட்டுவிட்டுப் போனதையெல்லாம் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மேடைக்காக இத்தனை வருஷம் ஏங்கினேனே, ஒரு நாளாவது எனக்கென்று பாடிப் பார்த்தேனா?

வியாழக்கிழமை தையல்கார அக்கா வந்தாள். அவளை என் நாற்காலியில் உட்காரவைத்து, நான் பாடுவதில் எது கோணலோ அங்கே நிறுத்தச் சொன்னேன்.

"உங்கள நான் திருத்தறதா? நல்லா இருக்கே கதை."

பாடினேன். உச்ச வரிக்கு முன் அவள் கை உயர்ந்தது.

"டீச்சர், இது என் மூச்சு. இத நான் விட்டு ஆறு மாசம் ஆச்சே."

"எப்படிக்கா விட்டீங்க?"

"ஊசி கோக்கறப்ப இப்படி இழுத்தா நூல் ஆடிடும்ல? வரிக்கு முன்னாடி அதத்தான் நெனச்சுக்குவேன்."

நான் சொல்லித்தான் அது போனதென்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஊசியை நினைத்துக்கொண்டு பாடினேன். அப்போதும் அந்த மூச்சு வந்தது. மறுபடி பாடினேன். ஐந்தாவது தடவை அந்த ஒரு வரி, யாருடையதாகவும் இல்லாமல், மேலே ஏறி நின்றது. எனக்கே அது அன்னியமாக இருந்தது, விடவும் மனசில்லை.

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கடையில் வேலை கிடக்கிறதாம்.

"இன்னும் ரெண்டு பாட்டு இருக்குக்கா," என்றேன். "கொஞ்சம் இருங்களேன்."