தலைக்கட்டு இல்லாத வீடு

மூன்றாவது தடவையும் பால் கடைவாயில் வழிந்து தலையணைக்குள் இறங்கியது. மயிலாத்தாள் முந்தானையால் மாமனார் அங்கப்பனின் தாடையைத் துடைத்துவிட்டுக் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"தண்ணி ஊத்திப் பாரு அம்மணி," என்றாள் சாமியாத்தாள். அங்கப்பனின் தங்கச்சி. புருசன் போன பிறகு அண்ணன் வீட்டோடு இருப்பவள்.

தண்ணீர் ஊற்றினால் வாய் திறந்தது. தொண்டை ஏறி இறங்கி, தண்ணீர் உள்ளே போனது. பாலை எடுத்தால் பல் கிட்டிக்கொண்டது. இடது பக்கம் முழுக்க இழுத்துப்போன உடம்பு. மிச்சமிருந்த பலமெல்லாம் தாடைக்கு வந்து நின்றது.

"எதையோ நெனச்சுக்கிட்டு உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்குது," என்றாள் சாமியாத்தாள். மண்ணாசை என்று சொல்லி, அவர் காலமெல்லாம் உழுத வயலின் மண்ணைக் கரைத்து ஊற்றியாயிற்று. பொன்னாசை என்று சொல்லி, தோட்டை உரசி ஊற்றியாயிற்று. இரண்டையும் மறுக்காமல் குடித்தார். பால் மட்டும்தான் ஆகவில்லை. கடைசிப் பால் இறங்காமல் போனவன் நல்ல சாவு செத்தவன் இல்லை என்று குடியிருப்பு வளவு முழுக்கப் பேசத் தொடங்கிவிட்டது.

அவள் புருசன் வேலான் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ரெண்டு நாளாக மைக் செட் ஓய்ந்து, கோபி ரோட்டில் ஜீப் ஓட்டமும் நின்றிருந்தது. விடிந்தால் ஓட்டு.

"ஏனுங், உள்ள வந்து நீங்க ஒருவாட்டி ஊத்துங்களே. பையன் கையில குடிப்பாரோ என்னமோ."

"ஊத்திப் பாத்துட்டனே புள்ள. என்ற விரலைக் கடிக்கறாரு."

பால் ஏன் இறங்கவில்லை என்று மயிலாத்தாளுக்குத் தெரியும். வெளியே சொல்லத்தான் முடியவில்லை.

சாய்வதற்கு முந்தின வாரம் அங்கப்பன் இரண்டு சத்தியம் செய்திருந்தார். இரண்டின்போதும் அவள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

முதலாவது பண்ணாடியின் களத்தில். இவர்கள் குடியிருக்கும் இடமும், வேலைக்குப் போகும் தோட்டமும் பண்ணாடியுடையது. வளவு ஆட்களை வரிசையாக நிறுத்தி, கற்பூரத்தைப் பற்றவைத்து, ஒவ்வொரு குடும்பத்துப் பெரிய ஆளையும் கூப்பிட்டார். "டெல்லியில ஒத்தை ஓட்டுல ஆட்சி கவுந்துது, தெரியுமல்ல? இந்தத் தடவை ஒண்ணும் சிந்தப்படாது. அங்கப்பா, உன்ற பேத்தியக் கூப்புடு. அது தலைமேல கைய வெய்யி." அங்கப்பன் யுவஸ்ரீயின் எண்ணெய்த் தலையில் வலது கையை வைத்தார். "எங்கூட்டு நாலு ஓட்டும் பண்ணாடி சொல்ற சின்னத்துக்குத்தானுங்க. பொய்யாச்சுன்னா இது வெளங்காம போவட்டுமுங்க." குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. கற்பூர வாசத்துக்குத் தும்மியது.

இரண்டாவது அவர்கள் வீட்டு வாசலிலேயே. தமிழ்வேந்தன் டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் பாலோடு வந்தான். வளவில் பிறந்தவன், பண்ணாடிக்கு எதிரான கட்சிக்கு இங்கே கொடி கட்டுகிறவன். "மாமா, நாங்க வந்தா பட்டா. நின்ன எடத்துல உங்களுக்குன்னு ஒரு பட்டா. நாளைக்கு ஒருத்தன் வெளிய போடான்னு சொல்ல முடியாது. பாலைத் தொட்டுச் சொல்லுங்க."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யார் முகத்துக்கு நேராகவும் அங்கப்பன் மாட்டேன் என்று சொன்னதில்லை. சொன்னால் கூலி போகும், இல்லாவிட்டால் அடி விழும் என்று வளர்ந்த உடம்பு. டம்ளரைத் தொட்டார். "எங்கூட்டு ஓட்டு உனக்குத்தான் மாப்ள. பொய்யாச்சுன்னா என்ற கடைசிப் பாலு எனக்கு எறங்காம போவட்டும்."

தமிழ்வேந்தன் போனதும் மயிலாத்தாள் பிடித்துக்கொண்டாள். "ஏனுங் மாமா, ரெண்டு பேருக்கும் பண்ணிப்போட்டு வந்து நிக்கறீங்க. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுத்தானுங்களே?"

"அன்னிக்குப் பாத்துக்கலாம் அம்மணி."

நடவுக்கு வரப்பு வெட்டும்போது சேற்றில் சாய்ந்தார். பண்ணாடியின் காரில்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து 'அன்னிக்கு' என்பது மயிலாத்தாள் தலையில் விழுந்துவிட்டது. பண்ணாடி சின்னத்தில் குத்தினால் இந்த மனுசனுக்குப் பால் இறங்காது. தமிழ்வேந்தன் சின்னத்தில் குத்தினால் பிள்ளைக்கு ஆகாது. வேலானைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், அப்பன் எந்திரிச்சு வந்து சொல்லட்டும்," என்றான். அப்பன் சொன்னதில் குத்தியே பழகியவன். நாற்றுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாலும், கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாலும் அவளுக்கு அதே நினைப்பு. பிள்ளைக்கு லேசாக மேல் சுட்டால்கூட அந்தச் சத்தியம்தானோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தலையணையில் பால் ஈரம் பரவுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அது புரிந்தது. பயத்தால் அவர் வாயை மூடவில்லை. முடிவு செய்துவிட்டார். இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் வேண்டும் என்றால் பேத்தி தலை வேண்டாம், தன் பாலே போகட்டும் என்று படுத்திருக்கிறார்.

அவளுக்குக் கோபம் வந்தது. "இந்த மனுசன்," என்று வாய்க்குள் சொன்னாள்.

பக்கத்து வீட்டில் யாரோ சட்டி கழுவும் சத்தம் கேட்டது. ஆறான் வீடு. ஆறான் போன வருசம் மாரியம்மன் திருவிழாச் சாட்டுக்கு முன்னால் செத்துப்போனான். ஊர்க்கூட்டத்தில் வீட்டுக்கு ஒன்றாகத் தலைக்கட்டு வரி எழுதும்போது ஆறான் பேரை வாசித்ததும், "அவனுக்கு இன்னும் கருமாதி ஆவல. பையனுக்கு உருமால் கட்டல. தலைக்கட்டு இல்லாத ஊடு, தாண்டிப் போ," என்று தாண்டிவிட்டார்கள். அப்பன் போய், கருமாதியில் மகன் தலையில் உருமால் துண்டைக் கட்டி அவனை வீட்டுத் தலைவனாக்கும் வரை அந்த வீட்டுக்குச் சொல்லும் இல்லை, வரியும் இல்லை. வளவில் யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை.

மயிலாத்தாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மாமனாரின் காதருகே குனிந்தாள்.

"மாமா, நாஞ் சொல்றது கேக்குதுங்களா? ஓட்டு நாளைக்குத்தானுங்க. இன்னிக்கே நீங்க போயிட்டீங்கன்னா உங்க ஓட்டு ஆருக்கும் உழுவாது. நீங்க ஆருக்கும் பொய் சொன்னவரு இல்லீங்க."

சாமியாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏ புள்ள, என்ன பேசறே?"

"இருங்க சின்னத்தே." மறுபடி குனிந்தாள். "எங்கூடு எங்கூடுன்னு ரெண்டு பக்கமும் சொன்னீங்க. நீங்க போனா, உருமால் கட்டற வரைக்கும் இந்த ஊட்டுக்குத் தலைக்கட்டு கெடையாதுங்க. ஆறான் ஊட்டுக்கு ஊரே அப்படித்தான் சொல்லுச்சு. தலைக்கட்டு இல்லாத ஊட்டுல ஆரு சத்தியமும் ஆரையும் புடிக்காதுங்க மாமா. புள்ளையையும் புடிக்காது, உங்க பாலையும் புடிக்காது. எங்க ஓட்டை எங்ககிட்ட உட்டுப்போட்டுப் போங்க. நாங்க பாத்துக்கறோம்."

அங்கப்பனின் வலது கண் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. அதில் தண்ணீர் கட்டியிருந்தது. அது பல நாளாகக் கட்டிக்கொண்டுதான் இருந்தது.

அவள் கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். தாடை இறுக்கம் விட்டது. பால் உள்ளே போனது. ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. மூன்றாவது கரண்டியை வேலானைக் கூப்பிட்டு ஊற்றச் சொன்னாள். அவன் அவசரமாகச் சாய்த்ததில் பாதி கீழே போனது, பாதி உள்ளே இறங்கியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் மூச்சு நின்றது. சாமியாத்தாள் முதலில் அழுதாள். பிறகு வளவே அழுதது. மயிலாத்தாளும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் தன் தோள் லேசாகியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஓட்டு நாள் என்பதால் காலையிலேயே எடுக்க ஏற்பாடு. பண்ணாடி வந்து வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டு, மாலையை ஆள்விட்டுப் போடச் சொன்னார். வேலான் போய்க் கும்பிட்டு நின்றான். மயிலாத்தாளும் பின்னால் போனாள்.

"நல்ல சாவுடா. பாலெல்லாம் குடிச்சானாமா? சரி, எடுத்துப்போட்டு மத்தியானத்துக்குள்ள போயிருங்க. சத்தியம் ஞாபகம் இருக்குதல்ல?"

வேலான் தலையைச் சொறிந்தான். மயிலாத்தாள்தான் பேசினாள். "இப்ப இது தலைக்கட்டு இல்லாத ஊடுங்க சாமி. உருமால் கட்டுன பொறகு கேளுங்க, சொல்றோமுங்க."

பண்ணாடி துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் வீட்டிலும் அதே வழக்கம்தான். "கருமாதிக்குள்ள ஓட்டையே எண்ணி முடிச்சுப்போடுவானுகளே புள்ள," என்றார். கிட்டத்தில் நின்ற ஒருத்தன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்.

தமிழ்வேந்தன் தப்பட்டை செட்டு கொண்டுவந்திருந்தான். அவனுக்கும் அதே பதில்தான். அவன் விடவில்லை. "சரியக்கா, உங்களுது உங்க இஷ்டம். மாமா ஓட்டு சும்மாத்தானே போவுது? நான் ஒரு ஆளை வெச்சுப் பாத்துக்கறேன். அவரு ஆசையும் அதுதான?"

மயிலாத்தாளுக்குத் திக்கென்றது. இவனுக்குத் தோன்றியது பண்ணாடி ஆளுக்கும் தோன்றியிருக்கும். யார் முந்திப் போட்டாலும் செத்தவர் பொய்யராகிவிடுவார்.

பாடை வளவைத் தாண்டியதும் பெண்களெல்லாம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். மயிலாத்தாள் ஈரத் தலையை முடிந்துகொண்டு ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள்.

"எழவு ஊட்டுக்காரி, ஆம்பளைங்க காட்டுல இருந்து வரதுக்குள்ள எங்க கெளம்பிட்டே?" என்றாள் சாமியாத்தாள்.

"உங்கண்ணன் ஓட்டை ஆரோ திருடப் போறான் சின்னத்தே."

சாமியாத்தாள் சேலையை இழுத்துச் செருகினாள். "இரு, நானும் வாரேன். எனக்கும் ஒண்ணு இருக்குதல்ல?"

வரிசையில் நின்றவர்கள் ஈரத் தலைகளைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். தீட்டுக்குப் பயந்தோ, சாவுக்கு மரியாதையாகவோ, எப்படியோ வழி கிடைத்தது. உள்ளே மேசைக்கு முன்னால் போனதும், விரலை நீட்டுவதற்கு முன்பே, மயிலாத்தாள் நல்ல சத்தமாகச் சொன்னாள். "சார், எங்க மாமன் அங்கப்பன் நேத்தைக்குச் செத்துப்போயிட்டாருங்க. இப்பத்தான் எடுத்தாங்க. அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு ஆராச்சும் வந்தா, அது பேயிதானுங்க."

இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் குனிந்து தங்கள் காகிதத்தில் அங்கப்பன் பேர்மேல் கோடு போட்டார்கள். ஆபீசர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் ஓட்டுச் சீட்டை விரித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. சீட்டு நீளமாக இருந்தது. இத்தனை வருசத்தில் அவள் பார்த்தது ஒரே ஒரு சின்னம்தான். சொன்ன சின்னம் எங்கே என்று தேடி, குத்தி, மடித்துப் போட்டுவிட்டு வருவாள். இப்போது மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பண்ணாடி காரில் ஏற்றிக்கொண்டு போனது உண்மை. கார் சீட்டில் சாக்கை விரித்துத்தான் ஏற்றினார் என்பதும் உண்மை. தமிழ்வேந்தன் கட்சி பட்டா தருவதாகச் சொல்வது உண்மை. போன தடவையும் அதையேதான் சொன்னார்கள், ஜெயித்தார்கள், பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. சாக்கும் பொய்யும். இரண்டில் எது கனம் என்று, நாற்று முடியைக் கையில் வைத்துப் பார்ப்பதுபோல நின்று பார்த்தாள்.

"ஏம்மா, ஆச்சா?"

"இருங்க சார், பாத்துக்கிட்டு இருக்கறேன்."

அவசரப்படவில்லை. பிறகு முத்திரையை மையில் ஒற்றி, ஒரு கட்டத்தின் நடுவில் அழுத்திக் குத்தினாள். ஊதி உலர்த்தி, மடித்து, பெட்டியில் போட்டாள்.

வெளியே, கட்சிக்காரர்கள் தாண்டக் கூடாத கோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்வேந்தன் ஒருபுறமும், பண்ணாடியின் ஆள் மறுபுறமும் நின்று அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் இருவருக்கும் நடுவே நடந்தாள். சாமியாத்தாள் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.

"அம்மணி, எனக்கு ஆரும் சொல்லாம ஒண்ணுமே வெளங்கல. கூஜா ஒண்ணு போட்டிருந்தாங்க, நெம்ப லட்சணமா இருந்துது. அதுல குத்திப்போட்டேன். தப்பா?"

"தப்பென்ன சின்னத்தே. உங்க ஓட்டு."

"நீ எதுல குத்துனே?"

"குத்துனேன்."

வீட்டில் வாசல் தெளித்திருந்தது. காட்டுக்குப் போன ஆண்கள் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். வேலான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "நானும் போயிட்டு வந்தர்றேன்," என்றவன் ஏதோ கேட்கப்போவதுபோல அவளைப் பார்த்தான். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வாய்க்கால் மேட்டில் ஏறி அவன் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. ஆறான் பெண்டாட்டி போசியில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து இறக்கினாள். யுவஸ்ரீக்கு முதலில் போட்டார்கள். அது சிந்திக்கொண்டே தின்றது. மயிலாத்தாள் ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தட்டை வாங்கினாள். பிசைந்து, தின்று, வழித்துவிட்டுத் தட்டை நீட்டினாள்.

"இன்னொரு கரண்டி போடுங்கக்கா."

ஆறான் பெண்டாட்டி போசியைச் சாய்த்துப் போட்டாள்.