கையை விடாதவள்

தங்கபுஷ்பத்தின் பிடி உடும்புப் பிடி. மகள் ஷண்முகப்ரியாவின் இடது மணிக்கட்டு கன்றிப்போய்ப் பச்சையாகக் கிடந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணை உஸ்மான் ரோட்டில் இப்படி இழுத்துக்கொண்டு போகிறாளே என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும், தெருவா பெற்றது? ஆனால் போன வாரம் அந்தப் பெண் கோயம்புத்தூர் ஹாஸ்டல் பள்ளிக்கூட விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, அம்மா கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டு, சாமி படத்தடியில் வைத்துவிட்டாள்.

"அங்க யாரும் என் கைய புடிக்க மாட்டாங்க," என்றாள். "சனிக்கிழமை ட்யூஷனுக்கு நான் தனியா ரோட்ட க்ராஸ் பண்றேன். விட்டீன்னா ஃபார்ம கிழிச்சுடறேன். இல்லன்னா கையெழுத்துப் போடு."

அழவில்லை, கத்தவில்லை. அதுதான் தங்கபுஷ்பத்துக்குப் பயமாக இருந்தது. அதுவும் எந்தச் சனிக்கிழமை? தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. அன்றைக்கு தி.நகரில் ரோடு எங்கே தெரியும், தலைகள்தான் தெரியும்.

அதனால்தான் வியாழக்கிழமை, புருஷனிடம் பல்வலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடி அறையில் மூன்றாவது தடவையாக வந்து உட்கார்ந்திருந்தாள். கவுன்சலர் பெயர் குல்ஷன். ஒரு மனுஷிக்குள் ஒருத்தி இல்லை, பல பேர் இருக்கிறார்கள், அத்தனை பேரும் அவளைக் காப்பாற்றத்தான் படாதபாடு படுகிறார்கள் என்பது குல்ஷனின் கட்சி. முதல் நாள் அதைக் கேட்டபோது, நம்மைப் பைத்தியம் என்றே முடிவுகட்டிவிட்டாள் போல என்று தங்கபுஷ்பம் நினைத்துக்கொண்டாள்.

"கண்ண மூடிக்கோங்க. கைய இறுக்கிப் புடிக்கிறாளே ஒருத்தி, அவ எங்க இருக்கா?"

"தொண்டைக்குக் கீழ."

"அவகிட்ட பேசுங்க."

பேசினாள். ரங்கநாதன் தெருப் பக்கம் ஜவுளிக்கடையில் பதினைந்து வருஷம் நின்றவள் எப்படிப் பேசுவாள்? சாயம் போய்விட்டதென்று சேலையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற மாதிரிதான். "வாங்கக்கா, உக்காருங்க, கலர் சோடா குடிக்கிறீங்களா? சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கோங்க. அடுத்த வாரம் நானே கூப்பிடுறேன்." உள்ளே இருந்தவள் அசைந்து கொடுக்கவில்லை.

"இங்கயும் கடை போட்டுட்டீங்க," என்றாள் குல்ஷன். "நைசா பேசி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வரப் பாக்குறீங்க. எதுக்கு வந்திருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கலையே."

தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது. கேட்டாள். அப்புறம் உதடு கோணியது.

"எட்டு வயசு. பாவாடை சட்டை. தம்பியத் தேடிக்கிட்டு இருக்கா."

எட்டு வயது தங்கபுஷ்பம், ஐந்து வயது சாய்நாத், இதே தீபாவளிக் கூட்டம். பலூன்காரரை ஒரு கணம் வேடிக்கை பார்த்தாள், கை காலியாக இருந்தது. அம்மா அடிக்கவில்லை. "கைய விட்டுட்டியேடி" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். போலீஸ் மைக்கில் பச்சைச் சட்டை, அஞ்சு வயசு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெரிந்த ஒருவரோடு இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அழுதுக்கிட்டே தூங்கிட்டேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா பூரி தின்னுக்கிட்டு இருக்கான்."

"கிடைச்சுட்டான்னு உங்ககிட்ட யார் சொன்னாங்க?"

யோசித்தாள். யாருமே சொல்லவில்லை. தீபாவளிச் சமயம், தலைக்கு மேல் வேலை, ஆளாளுக்கு ஓடினார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துபோனது.

"சரி, அந்த எட்டு வயசுக்காரிக்குத் தெரியுமா?"

பாவி மகள், அவளுக்குத் தெரியவே தெரியாது. பூரி தின்கிற தம்பியைப் பார்த்தவள் வேறொருத்தி; இவள் முப்பது வருஷமாக அந்தக் கூட்டத்திலேயே நின்று தேடுகிறாள், கிடைத்த கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள்.

சனிக்கிழமை வந்தே விட்டது. காலையிலிருந்து தங்கபுஷ்பத்துக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நாலு மணிக்கு உஸ்மான் ரோட்டு ஓரத்தில் மகளோடு நின்றாள். மைக்கில் யாரோ பெற்ற பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொன்னார்கள். கேட்டதுதான் தாமதம், விரல்கள் தாமாக மகளின் மணிக்கட்டில் இறுகின.

"ஓரமா நில்லுமா, இடிச்சுக்கினு போறாங்க பாரு," என்றார் நடைபாதையில் கிளிப் விற்கிற ஒருவர்.

ஷண்முகப்ரியா தன் கையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

தங்கபுஷ்பம் கண்ணை மூடினாள். பாப்பா, தம்பி கிடைச்சுட்டான், என்று உள்ளே இருந்தவளிடம் சொன்னாள். அன்னிக்கு ராத்திரியே கிடைச்சுட்டான். வடபழனில செல்போன் கடை வச்சிருக்கான். தொண்ணூத்திரண்டு கிலோ இருக்கான். மாத்திரை போட்டியான்னு காலைல கேட்டேன், நான் என்ன கொழந்தையான்னு எரிஞ்சு விழுந்தான். உன்கிட்ட சொல்லாம விட்டுட்டோம் பாப்பா, தப்புதான். நீ தேடினது போதும்.

தொண்டைக்குக் கீழே என்னவோ தளர்ந்தது. முழுசாக இல்லை, ஒரு முடிச்சு. அது போதும் என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

மகள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இறங்கிப் போனாள். மஞ்சள் சுடிதார் பத்தடி தெரிந்தது, ஒரு பஸ் குறுக்கே வந்தது, அப்புறம் தெரியவில்லை. தங்கபுஷ்பத்தின் கால் ஓடத் துடித்தது. தன் இடது மணிக்கட்டைத் தானே வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் நகர்ந்தது. அந்தப் பக்கம் நூறு மஞ்சள் சுடிதார்கள், எதிலும் அவள் முகம் இல்லை. ஐயோ, தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்தபோது போன் அடித்தது.

"அம்மா, ட்யூஷன் வாசல்ல நிக்கிறேன்." மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது அவளுக்கு. "கைய விட்டுட்டியேம்மா!"

தங்கபுஷ்பத்துக்குக் கண் மறைத்தது.

"ஆமாடி," என்றாள். "இந்தத் தடவை நானேதான் விட்டேன்."