அலமாரி மேல் மஞ்சள் இருக்கை

மூன்று வயது அமிர்தா மூத்திரத்தை அடக்கினால் தரையைவிட்டு எழும்புவாள். பத்து மணிக்கு ஒரு சாண், பத்தரைக்கு ஜன்னல் மட்டம், பதினொன்றுக்கு அலமாரி உயரம். பாறசாலை பக்கம் ஸ்வப்னா நடத்திய பிளே ஸ்கூலில் மற்ற பத்துப் பிள்ளைகளும், ஆயா விஜயம்மா குழாயைத் திறந்து "ஸ்ஸ்ஸ்" என்றதும், மஞ்சள் பிளாஸ்டிக் இருக்கைகளில் வரிசையாக அமர்ந்து காரியத்தை முடித்துவிடுவார்கள். அமிர்தாவோ அம்மா வந்தால்தான் போவாள். அம்மா ஸ்ரீகுமாரிக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலை. தினமும் பஸ் பிடித்து வந்து, குடையின் வளைந்த பிடியை மகளின் உடுப்பில் மாட்டி இழுத்து இறக்கி, உட்காரவைத்துவிட்டு ஓடுவாள். அயல்காரர்கள் மின்விசிறியை நினைத்து மட்டும் கவலைப்பட்டார்கள்.

ஓணம் விற்பனை தொடங்கியதும் கடை முதலாளி கிருஷ்ணன்குட்டி சொல்லிவிட்டார்: "வாற திங்கள் முதல் இடையில இறங்கிப் போனா, பின்ன வரண்டாம், கேட்டியா."

ஸ்வப்னா அதிகம் பேசாதவள். ஸ்ரீகுமாரி இதைச் சொன்ன அன்று இரண்டு பேருந்துகள் கடந்து போகும்வரை யோசித்தாள். எல்லோரும் பிள்ளையை இருக்கைக்கு இறக்கப் பார்த்தார்களே தவிர, இருக்கையைப் பிள்ளையிடம் ஏற்றிப் பார்க்கவில்லை. செவ்வாயன்று மஞ்சள் இருக்கை அலமாரி மேல் ஏறியது.

"டீச்சரே, இது பிள்ளைக்கா, பல்லிக்கா?" என்றாள் விஜயம்மா.

முதல் நாள் அமிர்தா அதைச் சுற்றி மிதந்ததோடு சரி. புதனன்று உட்கார்ந்தாள்; மேலேயிருந்து சத்தம் கேட்டது. பத்துப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். கனம் திரும்பிக் கீழே வந்தவளை ஸ்வப்னா ஏந்திக்கொண்டாள். வியாழன் இருக்கை மேசைக்கு வந்தது, வெள்ளி பெஞ்சுக்கு, சனி முக்காலிக்கு. மூச்சை விட்டுக் கால்களை நீட்டினால் இறங்கலாம் என்று அதற்குள் அமிர்தாவே கண்டுபிடித்திருந்தாள்.

திங்களன்று இருக்கை குளியலறைத் தரையில் இருந்தது. ஒரு சாண் எழும்பியவளைப் பிடிக்க ஸ்வப்னா கை நீட்டினாள்.

"தொடண்டாம் டீச்சரே. நானே போவேனாக்கும்."

இறங்கினாள், நடந்தாள், கதவையும் சாத்திக்கொண்டாள்.

ஸ்வப்னா உடனே துணிக்கடைக்குப் போன் செய்தாள். "அவளே போனா, அவளே கழுவினா. நிக்கரை மட்டும் திருப்பிப் போட்டிருக்கா."

ஸ்ரீகுமாரி போனைக் காதில் வைத்தபடியே சிரித்தாள். சிரித்தபடியே தரையைவிட்டு நான்கு அடி எழும்பினாள். துணி வாங்க வந்த ஒரு அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிருஷ்ணன்குட்டி பில்லிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தார்.

"போனதுதான் போன, அந்த மேல்தட்டுல உள்ள கசவு நேரியதையும் எடு மக்கா. இந்த அம்மைக்குக் காட்டணும்."

அவள் சரிகைக்கரை மேல்துணி நான்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வந்தவருக்கு இரண்டாவது பிடித்துப்போனது.