துணி கட்டியதும் இங்கிலீஷ்

கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் எந்தக் கொம்பனும் நாற்காலியை விட்டு எழுந்து ஓட முடியாது. அந்தத் தைரியத்தில்தான் நான் இங்கிலீஷ் பேச ஆரம்பித்தேன்.

சும்மா ஆசைக்கு இல்லை. எங்கள் சலூன் இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறோம், மழைக்காலத்துக்கு முன்னால் காலி செய்துவிடுங்கள் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். ரயில் நிலையத்தைத் தாண்டி இருக்கும் பெரிய ஹோட்டலில் முடிவெட்ட ஆள் தேடுகிறார்கள். ஆனால் தொழில் தெரிந்தால் மட்டும் போதாதாம், தங்க வருகிறவர்களிடம் இங்கிலீஷில் பேச்சுக் கொடுக்க வேண்டுமாம். அது கிடைக்காவிட்டால் என் மச்சானின் குடோனில் காவல் வேலை. மச்சான் நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே கத்தரி பிடித்த கையில் டார்ச் லைட்டைத் திணித்தால் எனக்கு எப்படி இருக்கும்? அழுகை வந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம்?

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று எனக்கு, மற்றது என் கூட்டாளிக்கு. கத்தரியைத் தொடாமல் எல்லாத் தலையையும் மெஷினிலேயே ஓட்டிவிடுவான் என்பதால் அவனுக்கு மெஷின் என்றே பெயர். ஒரு ரயிலை விட்டு இறங்கி இன்னொன்றுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரர்கள் நிறைய வருவார்கள். தமிழ் தெரியாத முகமாகப் பட்டால் மெஷினை முந்திக்கொண்டு என் நாற்காலியைத் துடைத்துப் போடுவேன்.

"ஐயோ பாவம், ஒரு ஆடு மாட்டிக்கிச்சு" என்பான் மெஷின்.

முதல் நாள் ஒருவரிடம், "வேர் ஃப்ரம், சார்?" என்று கேட்டேன். அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். "குட், குட்" என்றேன். அதற்கு மேல் ஓடவில்லை. அவர் போனதும் மெஷின் பிடித்துக்கொண்டான்.

"என்னடா குட்டு? அவரு ஊர்ல பூகம்பம் வந்துச்சுன்னு சொல்லியிருந்தா?"

"போடா, உனக்கு அதுவும் வராது."

எப்போது கேட்பது என்பதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. மீசைக்கு மேல் கத்தி இருக்கும்போது கேட்கக் கூடாது. பின்னங்கழுத்துதான் சரியான இடம்: தலை குனிந்திருக்கும், வாய் சும்மா இருக்கும். இது தெரியாமல் ஒருமுறை காதோரத்தில் கத்தி ஓடும்போது கேட்டுத் தொலைத்தேன். அவர் உற்சாகமாகத் தலையாட்ட, ஒரு பக்கக் கிருதாவே போய்விட்டது. சத்தம் காட்டாமல் மறுபக்கத்தையும் எடுத்துவிட்டு, "நியூ ஸ்டைல், சார்" என்றேன். மனிதர் நம்பிவிட்டார்.

போகப்போக எனக்கு இங்கிலீஷின் மேல் இருந்த ஆசை போய், ஆட்களின் மேல் ஆசை வந்துவிட்டது. தண்ணீரை ருசி பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தார் ஒருவர். அப்படியும் ஒரு வேலையா! எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு தம்ளர் பிடித்துக் கொடுத்தேன். வாயில் வைத்து, கண்ணை மூடி, முகத்தைச் சுளித்து, குழாய் துருப்பிடித்திருக்கிறது என்றார். பாலங்களுக்கு அடியில் தொங்கியபடி விரிசல் தேடும் ஒருவருக்கு, வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறப் பயமாம். 'ஒய்?' என்ற ஒரு சொல் போதும். எப்பேர்ப்பட்ட ஊமையும் வாயைத் திறந்துவிடுவான்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, ஒரு பெரியவர் விவாகரத்தான மனைவியின் பிறந்த நாளுக்குப் போவதற்காக முடிவெட்டிக்கொண்ட கதையை என் மனைவியிடம் சொன்னேன். கரண்டியைத் தட்டில் டொக்கென்று வைத்தாள்.

"இங்க கடையே போகப்போகுது, இவரு என்னடான்னா ஊரான் வீட்டுக் கதையை அளந்துக்கிட்டு இருக்காரு!" என்றவள் கொஞ்ச நேரம் கழித்து, "சரி, ஏன் போறாராம்?" என்றாள்.

"தெரியல. அதுக்குள்ள ரயில் வந்திருச்சு."

"சே! கேட்டதுதான் கேட்டீங்க, முழுசாக் கேட்கக் கூடாதா?"

ஹோட்டலிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சீப்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனேன். மேனேஜர் ஒரு அம்மா, குட்டையாக வெட்டிய நரைமுடி. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். உன்னைப் பற்றிச் சொல் என்று இங்கிலீஷில் கேட்டு, என் கண்ணையே பார்த்தார்.

அவ்வளவுதான். சேர்த்து வைத்த இங்கிலீஷ் எல்லாம் ஓடிப்போனது. அப்போதுதான் விஷயம் உறைத்தது. இத்தனை நாளும் ஒருவர் முகத்தையாவது நேருக்கு நேர் பார்த்து நான் பேசியிருக்கிறேனா? தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிரே இருக்கும் கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பேசிப் பழகியவன். முன்னால் வந்து உட்கார்ந்ததும் ஒரு சொல்கூட வரவில்லை.

மேனேஜர் பேனாவை மூடினார். குடோனும் டார்ச் லைட்டும் கண்முன்னே வந்து நின்றன. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. போனால் போகிறது, இதற்கு மேல் என்ன மானம்? "எக்ஸ்க்யூஸ் மீ, மேடம்" என்று எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். எதிர்ச்சுவரில் அணைத்து வைத்த பெரிய டிவி இருந்தது. அதில் அவரும் நானும் தெரிந்தோம். சீப்பைக் கையில் எடுத்தேன்.

"மேடம், ஹூ கட் யுவர் ஹேர்?"

திடுக்கிட்டுத் திரும்பப் போனவர், டிவியில் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். தானே வெட்டிக்கொள்கிறாராம்.

"ஒய்?"

அடிக்கடி ஊர் மாற்றுகிறார்கள், என் தலை ஒருவருக்குப் பழகுவதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது, அலுத்துப்போய்விட்டது என்றார். எந்த ஊர் பிடித்தது, யாரை விட்டு வந்தார், இந்த ஊர் எப்படி என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். எனக்கு இங்கிலீஷ் பிய்த்துக்கொண்டு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது அவர் நாற்காலியைச் சுழற்றி, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அண்ட் யூ?"

எத்தனை தலை, எத்தனை ஊர்க் கதை! ஒருவர்கூட என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. அவர்களுக்கு ரயில் இருந்தது, போய்விட்டார்கள். நானும் கேட்பதற்கு மட்டுமே வார்த்தை சேர்த்திருந்தேன். சொல்வதற்கு ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அவர் காத்திருந்தார். அவசரப்படவில்லை, வேறு கேள்விக்கும் தாவவில்லை. என் இரண்டு கைகளையும் தூக்கி அவருக்குக் காட்டினேன்.

"மேடம், நோ சிஸர்... மை ஹேண்ட் டெட்."

கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் தப்பும் தவறுமாக, பாதியைக் கையால் பேசி, கடை இடிபடுவதையும் குடோனையும் ராத்திரியில் தூக்கம் வராமல் கிடப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் அலுவலகப் பெண் கதவைத் திறந்து, அடுத்தவரை அனுப்பவா என்று கேட்டாள். வேண்டாம், ஆள் கிடைத்துவிட்டது என்றார் மேனேஜர். இங்கிலீஷில்தான் சொன்னார். எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

கதவு மூடியதும் அவர் மேஜையில் கையை ஊன்றி, மோவாயைத் தாங்கிக்கொண்டு, "தென்?" என்றார்.