தவமணி இடுப்புக் கல்லுக்கு வாசிச்சுக் காட்டுன கதை

உக்காருங்கப்பா, உக்காருங்க. ஏய், அந்த மூலையில என்ன கசகசன்னு? கடலையத் தின்னா வாய மூடித் தின்னு, ஊருக்கே கேக்குது. அக்கா, நீங்க ஒங்க சம்பந்திய அப்பறமா வையலாம், அவுக எங்கயும் ஓடிப்போக மாட்டாக. பேச்ச நிப்பாட்டுங்க. ஆங், அப்பிடி.

எங்க பக்கம் ஒடம்புக்கு ஒரு நோய் வந்தா, அதப்பத்திப் போன்ல என்ன போட்டிருக்குன்னு அதுக்கே வாசிச்சுக் காட்டணும். வெளங்குச்சுன்னா கெளம்பிரும். வெளங்கலேன்னா இருக்கும். அம்புட்டுத்தான்.

எழுமலை போற மினிபஸ்ல கண்டக்டரு பூவலிங்கம். அவன் தங்கச்சி தவமணிக்குக் கிட்னியில கல்லு. டாக்டரம்மா ஸ்கேன் பாத்துட்டு, "சின்னக் கல்லுதான், வலிக்கு மாத்தர தாரேன், தண்ணி நல்லாக் குடிங்க, கல்லுக்குப் புரியிற மாதிரி வாசிச்சுக் காட்டுங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம். போகலேன்னா மதுரையில ஆப்பரேசன் பண்ணி எடுத்துரலாம்"னு சொல்லிட்டாக. தவமணிக்குக் கத்தின்னா ஆகாது. வீட்டுல வெங்காயங்கூட அவ புருசன் ஒச்சப்பன்தான் நறுக்குவான். ஆப்பரேசன்னு கேட்டதுல இருந்து அவளுக்குச் சோறு எறங்கல.

வாசிச்சுத்தான் காட்டுனா, பாவம். ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி, ஒரு எழுத்து விடாம. "சிறுநீரகக் கற்கள், அளவைப் பொறுத்து, தன்னிச்சையாக வெளியேற வாய்ப்புள்ளது. போதிய திரவங்களை உட்கொள்வது பரிந்துரைக்கப்படுகிறது."

இடுப்புக்குள்ள இருந்து கல்லு கேட்டுச்சு: "வாய்ப்புள்ளதுன்னா, போகவா இருக்கவா?"

தவமணி மறுபடியும் அதே வரிய வாசிச்சா. கல்லு யோசிச்சுது. திரவங்கள உட்கொள்ளச் சொல்றது தன்னயத்தான்னு முடிவு பண்ணி, அவ குடிச்ச தண்ணியப் பூராம் அதுவே குடிச்சிருச்சு. அவளுக்கு நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

வியாழக்கெழம மத்தியானம் பூவலிங்கம் ட்ரிப்ப முடிச்சுட்டு, தோள்ல காசுப்பையோட நேரா வந்துட்டான். தவமணி பாயில சுருண்டு கெடக்கா. ஒச்சப்பன் அடுப்படி வாசல்ல ஒக்காந்து வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருக்கான். வாங்கன்னு தலைய மட்டும் ஆட்டுனான். அவன் பேசிக் கேட்டவுக அந்தத் தெருவுல கம்மி.

"அண்ணே, நாளைக்கு வெள்ளிக்கெழமண்ணே"ன்னா தவமணி.

"நீ ஒரு வரி வாசி ஆத்தா. நான் அதுக்கிட்டப் பேசுறேன்"னான் பூவலிங்கம். அவன் படிச்சது கம்மி. ஆனா அவன் கொரலுக்குப் படிப்பு வேணாம். டிரைவரு, செக்கிங் இன்ஸ்பெக்டரு, சீட்டுக்கடியில கட்டிவச்ச ஆட்டுக்குட்டி, அம்புட்டுப் பேரும் அவன் தொண்டையிலதான் குடியிருக்காக.

தவமணி வாசிச்சா. பூவலிங்கம் இடுப்புப் பக்கம் குனிஞ்சான்.

"யோவ் கல்லு, கேளு. இப்ப நீ நிக்கிறது கிட்னி, பஸ் ஸ்டாண்டுன்னு வச்சுக்க. அங்கிருந்து ஒரு சந்து கீழ எறங்குது. அகலம் கெடையாது, ஒத்த ஆளுதான் போகலாம். சந்து முடிஞ்சா மூத்திரப்பை. அங்கன செத்த நேரம் நின்னு, அடுத்த வாசல்ல வெளிய. தண்ணி குடிக்கிறது தவமணி வேல. அந்தத் தண்ணியோட எறங்குறது ஒன் வேல. வழியில நின்னு வேடிக்க பாத்தியோ, அவளுக்கு வலிக்கும்."

"இதத்தான் அப்பிடி எழுதி வச்சிருக்கானா?"ன்னுச்சு கல்லு. "நல்லா வெளங்குது."

"வெளங்குச்சுல்ல, கெளம்பு."

"அந்தச் சந்த இன்னொருக்காச் சொல்லு. இன்ஸ்பெக்டரு கொரல்ல."

இங்கதான் பூவலிங்கம் கோட்ட விட்டான். கேட்டா அவனால சும்மா இருக்க முடியுமா? இன்ஸ்பெக்டரு கொரல்ல சொன்னான், "யாருய்யா அது சந்துல டிக்கெட் இல்லாம!" ஆட்டுக்குட்டி கொரல்ல சொன்னான். கல்லு சிரிச்சு உருண்டுச்சு. கல்லு உருள உருளத் தவமணிக்கு உசுரு போகுது. பாயப் பிராண்டுறா. "அண்ணே, சிரிப்புக் காட்டாதண்ணே..."

தங்கச்சி மூஞ்சியப் பாத்தான். வேர்த்து ஊத்துது, ஒதட்டக் கடிச்சிருக்கா. அவன் வாய் பாட்டுக்கு அடுத்த கொரலுக்கு ரெடியா நிக்குது. பொறந்ததுல இருந்து அந்த வாய அவன் நிறுத்துனதே இல்ல. காசுப்பையில இருந்து விசில எடுத்து வாய்க்குள்ள அடச்சுக்கிட்டான்.

"ஏன் நிப்பாட்டிட்ட?"ன்னுச்சு கல்லு.

விசில எடுத்துட்டு மெதுவாச் சொன்னான். "நீ வெளங்காம இருக்கல. கத கேட்டுக்கிட்டு இருக்க. ஸ்டாண்டுல இதுக்கு மேல கத கெடையாது. மிச்சம் சந்துக்குள்ள."

மறுபடியும் விசில அடச்சுக்கிட்டான். தவமணி ஒரு செம்புத் தண்ணி குடிச்சா. கல்லு தொடல. வீடு கம்முனு இருந்துச்சு, வெங்காயம் நறுக்குற சத்தந்தான். கொஞ்ச நேரத்துல கல்லுக்குப் பொறுக்கல. மெதுவா எறங்குச்சு. தவமணி கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. பூவலிங்கம் விசில எடுத்துட்டு, சொன்னபடி சந்துல கதையில ஒரு வரி சொன்னான். சும்மா அவன் கொரல்லயேதான். "அடுத்தது மூத்திரப்பையில"ன்னான். அங்கன போனதும் இன்னொரு வரி. "கடைசி வரி வெளிய"ன்னான்.

தவமணி சொவத்தப் பிடிச்சு எந்திரிச்சுப் பின்னாடி போனா. திரும்பி வரையில நிமுந்து நடந்து வந்தா. "போயிருச்சுண்ணே. வெளிய வந்து நின்னு கடைசி வரியக் கேட்டுச்சு. அம்புட்டுத்தான், முடிஞ்சுச்சுன்னேன். சரின்னுட்டுப் போயிருச்சு. பசிக்குதுண்ணே."

பூவலிங்கத்துக்கு அடக்கி வச்சதெல்லாம் அத்துக்கிச்சு. விசில ஒரு ஊது ஊதிட்டு, டிரைவரு, இன்ஸ்பெக்டரு, ஆடுன்னு அத்தன பேரையும் ஒண்ணா எறக்கிவிட்டு வீடே அதிரக் கூத்தடிக்கிறான்.

ஒச்சப்பன் நறுக்குன வெங்காயத்த ஓரமா நகத்தி வச்சான். நெஞ்சுல கைய வச்சுக் குனிஞ்சு, உள்ள ஏதும் சத்தம் வருதான்னு காது குடுத்தான். அப்பறமா நிமுந்து, தாழ்ந்த கொரல்ல சொன்னான்:

"மெதுவா, மச்சான். எனக்குள்ளயும் ஒரு நோய் தூங்குது. ஒங்க சத்தத்துல அது எந்திரிச்சு எனக்கும் வாசின்னு கேட்டா, வேலய விட்டுட்டு நீங்களா வந்து ஒக்காருவீக?"