தண்ணீருக்கு அசையாத முகம்

முகத்துக்குப் போடும் பவுண்டேஷனுக்கு அடியில் இன்னொரு பூச்சு எதற்கு என்று தமிழ்வாணிக்கு விளங்கவில்லை. கேட்கவும் தெம்பில்லை. கப்பலூர் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே கோச்சடை வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். பெண் பார்க்க வருகிறார்களாம். வருகிறவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, அவள் கன்னத்துப் பருக்குழிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி விடுறோம்" என்று கிளம்புவார்கள். அதோடு சரி.

"போன தடவ ப்ரைமர் இல்லாமப் போட்டு வேர்வையில வழிஞ்சு போச்சுல்ல? இது குழியெல்லாம் அடைச்சிரும்க்கா," என்றாள் தங்கை ஆர்த்திகா.

"தண்டச் செலவுடி."

"பேசாத, காயட்டும்."

எல்லாம் பூசி முடித்துக் கண்ணாடியில் பார்த்தால், நிஜமாகவே குழிகளைக் காணோம்.

மாப்பிள்ளை சிவபாண்டி நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தான். அவன் தாய் முத்துத்தாய்தான் லேசுப்பட்ட ஆள் இல்லை. காபி டம்ளரைக் கீழே வைத்ததும் ஆரம்பித்தாள்.

"தப்பா நெனைக்காத தாயி. மூஞ்சியக் கழுவிட்டு வா. எங்க பக்கம் அப்பிடித்தான் பாப்போம்."

தமிழ்வாணியின் அம்மா சோணையம்மாளுக்கு முகம் செத்துப்போனது. தமிழ்வாணிக்கோ, விட்டது சனியன் என்றிருந்தது. கொல்லைக் குழாயில் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தாள். கூடவே வந்து நின்ற முத்துத்தாய் துண்டை நீட்டினாள். பிறகு அவள் கன்னத்தில் விரலை ஓட்டி, விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. பூச்சு தண்ணீருக்கு அசையவே இல்லை.

"அடி ஆத்தி, எம்புட்டுத் தெளிவு! எம் மகனுக்கு இவதான்."

கூடத்தில் தாம்பூலம் மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். தமிழ்வாணி அறைக்குள் போய்ப் பஞ்சையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்தாள்.

"என்னக்கா பண்ற?"

"தொடச்சுட்டுப் போயி அவங்க முன்னாடி நிக்கப் போறேன்."

"கிறுக்கா ஒனக்கு?"

"தெனமும் அவரு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி எந்திரிச்சு இதப் பூசணும்டி. நெனச்சாலே அசதியா இருக்கு."

நேர்மை, வைராக்கியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அவளுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்போது கூடத்தில் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. வந்தவர்கள் போனபின் மிஞ்சிய கேசரியை வழித்துக்கொண்டே அம்மா மூக்கை உறிஞ்சுவதைத்தான் தமிழ்வாணி இத்தனை காலமாகக் கேட்டிருக்கிறாள். இன்றைக்கு "சம்பந்தி, சம்பந்தி" என்று வாய் ஓயாமல் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்வாணி எண்ணெய் பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஆர்த்தி, இந்த ப்ரைமர் ட்யூப் எம்புட்டு நாளைக்கு வரும்?"

"தெனமும் போட்டா ஒரு மாசம் வரும்."

"ரெண்டா வாங்கிரு."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ஆர்த்திகா பதறிப்போய் அக்காவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, அங்கும் இங்குமாக உற்றுப் பார்த்தாள்.

"பயப்படாதக்கா, ஒன்னுமே கலையல," என்றாள்.